தொட்டி பச்சையானால் மருந்தைத் தேடாதீர்கள், மண்ணைப் பாருங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே மாந்தோப்பு வைத்திருக்கிறேன். நீர்ச்செடிகளும் கப்பி மீன்களும் வளர்த்து விற்கலாம் என்று மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றில் தொடங்கினேன். அடியில் செம்மண்ணும் மண்புழு உரமும் சம அளவில் கலந்து பரப்பி, மேலே வெள்ளை மார்பிள் சில்லுகள் போட்டேன். தண்ணீர் போர்வெல்லில் எடுத்தது. மூன்று வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. இலைகளில் நூல் நூலாகப் பாசி தொங்குகிறது. மயில்துத்தம் கொஞ்சம் கரைத்து ஊற்றலாமா? அடியில் எதைப் போட்டிருக்க வேண்டும்?

பதில்: மயில்துத்தத்தை மூட்டையிலேயே இருக்க விடுங்கள். அது பாசியைக் கொல்லும்; நத்தையையும் இறாலையும் கொல்லும்; அளவு சற்று மிஞ்சினால் மீனும் செடியும் சேர்ந்தே போகும். அப்படியே பாசி செத்தாலும், அதை வளர்த்த உணவு அடியில் அப்படியே இருக்கும். அடுத்த வாரம் மறுபடி பச்சைதான்.

அந்த உணவு நீங்கள் போட்ட மண்புழு உரம். வயலில் அது தங்கம். தண்ணீருக்கடியில் பாதிக்குப் பாதி கலந்தால் அம்மோனியாவாகக் கசிந்துகொண்டே இருக்கும். வேர் பிடிக்காத புதுச் செடிகளால் அவ்வளவையும் உறிஞ்ச முடியாது, பாசி முந்திக்கொள்கிறது. நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, காரத்தன்மை உள்ளது. கார நீரில் அம்மோனியாவின் நச்சு கூடும் என்பதால் கப்பிகளுக்கும் ஆபத்து.

மார்பிள் சுண்ணாம்புக் கல்தான். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். ஏற்கெனவே கடினமான உங்கள் தண்ணீரில் அது பெரிதாகக் கரையாது. உங்கள் தொட்டியில் கெடுதல் வேறு: சில்லுகளின் இடுக்குகளில் மீன் கழிவும் மீந்த தீனியும் இறங்கி அழுகும், வேரும் பிடிமானம் இல்லாமல் தவிக்கும்.

தொட்டியைக் காலி செய்து மறுபடி போடுவதே நல்லது. மருந்து தெளிக்கும் மரத்தடியை விட்டுத் தள்ளி, எருவிடாத இடத்தில் செம்மண் எடுங்கள். வாளியில் ஊறவைத்து, மிதக்கும் சருகையும் வேரையும் வடித்துவிட்டு வெயிலில் உலர்த்துங்கள். இதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். இரும்புச்சத்துக்கு இந்த மண்ணே போதும், உரம் கலக்க வேண்டாம். ஓர் அங்குலம் பரப்பினால் போதுமானது. முன்புறக் கண்ணாடியை ஒட்டி மட்டும் ஓர் அங்குலம் மண் இல்லாமல் விட்டு அங்கே மணலை நிரப்புங்கள். கண்ணாடி வழியே மண்ணில் வெளிச்சம் பட்டால் அங்கேதான் பாசி முதலில் படரும்.

மண்ணை மூட, இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் வேண்டும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் நம் குவாரிகளின் எம்-சாண்டைச் சல்லடையில் சலித்து, தூளை ஒதுக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். கிரானைட் என்பதால் தண்ணீரின் தன்மையை மாற்றாது. கழுவும் வாளியின் அடி தெரியும் வரை அலசுங்கள். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் வேண்டாம். இறுகிப்போய், காற்றில்லாமல், நோண்டினால் அழுகிய முட்டை வாடை வரும். முன்னால் ஒன்றரை அங்குலமும் பின்னால் இரண்டரையும் இருக்கட்டும். மேலே ஒரு தட்டை வைத்து அதன் மீது தண்ணீர் ஊற்றினால் மண் கலங்காது.

முதல் நாளே நெருக்கமாக நடுங்கள். ஐந்தாறு செடியோடு தொடங்குவது, பாசிக்குப் பட்டா எழுதிக் கொடுப்பதுதான். வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் கடின நீரிலுள்ள பைகார்பனேட் உப்பிலிருந்தே தமக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளும். உங்கள் போர்வெல்லுக்கு அவைதான் சரி. ஏரியிலிருந்து ஹைட்ரில்லா எடுத்தால் தனி வாளியில் சில நாள் வைத்து, அலசிய பிறகு நடுங்கள். கப்பிக்கும் கடின நீர் பிடிக்கும்.

வெளிச்சம் முதல் மாதம் ஆறு மணி நேரம், பிறகு எட்டு. ஜன்னல் வெயில் படும் இடத்தில் தொட்டி இருந்தால் நகர்த்துங்கள். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே தீனி.

இலை மஞ்சளானால் தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 உரத்தைப் போடாதீர்கள். அதில் யூரியாவும் அம்மோனியமும் உண்டு. ஓசூர் ரோஜாக்காரர்கள் சொட்டுநீரில் விடும் 13:0:45, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், நூறு லிட்டருக்கு வாரம் ஒரு கிராம் போதும். அதற்கு முன் தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு என்று பரிசோதனைக் காகிதத்தால் பாருங்கள். உரமிட்ட நிலத்துக் கிணறுகளில் ஏற்கெனவே நிறைய இருப்பதுண்டு.

நூல் பாசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றி இழுத்தெடுங்கள். மறுபடி தண்ணீர் பச்சையானால், காற்றுக் குழாயை ஓடவிட்டு மூன்று நான்கு நாள் சாக்கால் மூடுங்கள். பிறகு பாதித் தண்ணீரை மாற்றுங்கள். கடைக்காரர் பாசி தின்னும் சக்கர் மீன் தருவார். வாங்காதீர்கள். ஓரடிக்கு மேல் வளரும், தின்பதைவிடக் கழிப்பது அதிகம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையிலோ ஏரியிலோ விட்டால் அங்கே பெருகி நம் மீன்களைத் துரத்திவிடும்.