கையால் ஓட்டினால் சரி, க்ரானில் போட்டால் தப்பு: ஷெல் ஸ்கிரிப்ட் ஏன் இப்படிச் செய்கிறது?

"உபுண்டு சர்வரில் கையால் ஓட்டும்போது ஒழுங்காக ஓடும் பாஷ் ஸ்கிரிப்ட், க்ரானில் போட்டால் மட்டும் தப்பாக முடிகிறது. பாசிக்ஸ் முறைப்படிதான் எழுத வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாசிக்ஸ் என்பது ஷெல்களுக்கான பொதுத் தரம்; பாஷ் அதற்கு மேல் சொந்த வசதிகளையும் சேர்த்த ஷெல்.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது க்ரான். முதலில் அதில் நீங்கள் எழுதிய வரியைப் பாருங்கள். ஃபைல் பெயருக்கு முன்னால் எஸ்எச் (sh) என்று போட்டிருந்தால், ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருப்பது எடுபடாது. அது வெறும் கமென்ட். உபுண்டுவில் எஸ்எச் என்பது பாஷ் அல்ல, டாஷ் என்ற சிறிய, வேகமான ஷெல். பூட் ஆகும் நேரம் குறையட்டும் என்று 2006-இல் 6.10 பதிப்பில் மாற்றினார்கள். டெபியனும் 2011-இல் அதே வழிக்கு வந்தது.

இதில் நான் நன்றாக அடிபட்டிருக்கிறேன். இரவு பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் அது. முதலில் ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் டார், அடுத்த வரியில் அந்த ஃபைலை வேறு மெஷினுக்கு அனுப்புவது. டார் வரியின் கடைசியில், அவுட்புட்டும் எரரும் ஒரே லாகில் விழட்டும் என்று &> போட்டிருந்தேன். பாஷில் அது ஒரே குறி. டாஷுக்கோ அது இரண்டு: & வந்ததும் டாரைப் பின்னணிக்குத் தள்ளிவிடும், அப்புறம் > லாக் ஃபைலைக் காலி செய்யும். டார் முடியும் முன்பே அடுத்த வரி ஓடி, பாதி ஃபைலை அனுப்பிவிட்டது. எரர் எதுவும் இல்லை, லாக் 0 பைட். ஒரு நாள் பழைய டேட்டாவைத் திருப்பி எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. பாசிக்ஸ் முறைப்படி, முதலில் > போட்டு லாக் பெயர், அதன் பிறகு 2>&1 என்று எழுதியிருந்தால் பாஷ், டாஷ் இரண்டிலும் ஒரே அர்த்தம்தான்.

நிபந்தனையைச் சோதிக்கும் [[ கதையும் இப்படித்தான். கார்ன் ஷெல்லிலிருந்து பாஷுக்கு வந்த குறி அது. டாஷ் அதை ஒரு கமாண்டின் பெயர் என்று நினைத்துத் தேடும், கிடைக்காமல் 127 என்ற எரர் எண்ணோடு திரும்பும். இஃப் உள்ளே இருந்தால் ஸ்கிரிப்ட் நிற்காது, நேராக எல்ஸ் பக்கம் போய்விடும். எரர் வந்தால் ஸ்கிரிப்டை நிறுத்தும் செட் -இ போட்டிருந்தாலும் இஃப் நிபந்தனைக்குள் அது உதவாது.

பாசிக்ஸ் கட்டாயமா என்றால், என் கருத்தில் இல்லை. அர்ரே வேண்டுமென்றால் தயங்காமல் பாஷில் எழுதுங்கள், க்ரானிலும் பாஷ் என்றே கூப்பிடுங்கள். ஆனால் ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் கன்டெய்னரில் ஓட வேண்டியது என்றால் பாசிக்ஸை விட்டு நகராதீர்கள். அங்கே இருப்பது பிசிபாக்ஸ் என்ற கருவித் தொகுப்பின் ஆஷ் ஷெல், பாஷைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும்.

ஓட்டாமல் இலக்கணத்தை மட்டும் பார்க்கும் டாஷ் -என் கொண்டு சரிபார்த்து நிம்மதி அடையாதீர்கள். மேலே சொன்ன இரண்டும் அதற்கு இலக்கணப்படி சரியான வரிகள்தான். ஸ்கிரிப்டில் தப்புகளைத் தேடும் ஷெல்செக் என்ற கருவி பிடித்துவிடும். முதல் வரியில் பாஷ் என்று இருந்தால் மட்டும், -எஸ் எஸ்எச் என்று நீங்களே சொல்லி ஓட்ட வேண்டும்.