ஆபீஸுக்கு இன்டர்நெட் போன்: வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: எங்களுடையது ஐந்து பேர் வேலை பார்க்கும் சிறிய அலுவலகம். இரண்டு லேண்ட்லைன் இருக்கிறது. இன்டர்நெட் வழியாகப் பேசும் போனுக்கு மாறினால் பில் பாதியாகக் குறையும் என்கிறார் ஒரு விற்பனையாளர். குரல் விட்டு விட்டுக் கேட்கும் என்று பயமுறுத்துகிறார்கள் தெரிந்தவர்கள். எங்கள் நெட் 100 எம்பிபிஎஸ். போதுமா?

பதில்: வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். லேண்ட்லைன் தரத்தில் பேச உதவும் ஜி.711 முறையில்கூட ஓர் அழைப்புக்குப் போக 90, வர 90 கேபிபிஎஸ் இருந்தால் தாராளம். ஆயிரம் கேபிபிஎஸ் சேர்ந்தால்தான் ஓர் எம்பிபிஎஸ். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

ஆனால் விளம்பரத்தில் வரும் 100 என்பது பெரும்பாலும் டவுன்லோடு வேகம். நீங்கள் பேசுவது அப்லோடில் போகிறது. பல இணைப்புகளில் அது இதில் ஒரு சிறு பங்குதான். அதிலும் உங்கள் குரல் தனியாகப் போவதில்லை. பக்கத்து மேஜைக்காரர் ஒரு பெரிய வீடியோவை ஏற்றுகிறார், அல்லது கணினி தானாகவே பேக்கப் எடுக்க ஆரம்பிக்கிறது என்று வையுங்கள். ரூட்டரில் வரிசை நீண்டுவிடும். குரல் பொதுவாக 20 மில்லி விநாடிக்கு ஒரு சிறு பொட்டலமாகக் கிளம்புகிறது. அந்த வரிசையில் மாட்டிக்கொண்டால் தாமதமாகப் போய்ச் சேரும். ஃபைல் இரண்டு விநாடி தாமதமாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தாமதமாக வந்த குரலை எதிர்முனைக் கருவி தூக்கிப் போட்டுவிடும். அதுதான் நமக்கு வெட்டு வெட்டாகக் கேட்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. வாடிக்கையாளர் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது, அவரோ “சார், விட்டு விட்டு வருது” என்கிறார் என்றால், முதலில் உங்கள் அப்லோடைச் சந்தேகப்படுங்கள். சேவை கொடுத்த கம்பெனியைத் திட்டுவது அப்புறம்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் சோதனைக் கணக்கு ஒன்று கேளுங்கள். தராதவர்களிடம் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் ஓர் அழைப்பைப் போட்டு, பேசிக்கொண்டே பெரிய ஃபைல் ஒன்றை வேண்டுமென்றே அப்லோடு செய்யுங்கள். அப்போதும் குரல் தெளிவாக இருந்தால் சரி. எண்களாகப் பார்க்க விரும்பினால், ஒரு திசைத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. வழியில் தொலையும் பொட்டலங்கள் ஒரு சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

சோதனையில் தேறவில்லை என்றால் உடனே நெட் பிளானை மாற்றாதீர்கள். ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மேஜை போன்களை வைஃபையில் விடாமல் கேபிளில் இணையுங்கள். ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்று ஓர் அமைப்பு பல ரூட்டர்களில் இருக்கும். இன்டர்நெட் போன் அழைப்புகளுக்கு உதவி செய்வதாகச் சொல்லி உபத்திரவம் செய்வது அது. ஒரு பக்கம் மட்டும் கேட்பது, பேச ஆரம்பித்து அரை நிமிடத்தில் அழைப்பு அறுவது போன்ற வினோதங்கள் வந்தால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: விசிட்டிங் கார்டு, பெயர்ப் பலகை எல்லாவற்றிலும் பழைய நம்பர்தான் இருக்கிறது. அது என்னாகும்?

பதில்: பணத்தைவிட இதில்தான் அதிக கவனம் தேவை. நம்பரைப் புதிய கம்பெனிக்கு மாற்ற முடியுமா என்பது அந்தந்த நாட்டு விதியைப் பொறுத்தது. முடியும் என்றால் எழுத்தில் வாங்குங்கள். மாற்றம் முடிந்து, வெளியிலிருந்து யாரையாவது கூப்பிடச் சொல்லி, புதிய போனில் மணி அடிப்பதைக் காதால் கேட்கும் வரை பழைய இணைப்பை ரத்து செய்யவே கூடாது. அவசரப்பட்டு ரத்து செய்தால் நம்பரும் கையைவிட்டுப் போகலாம். பழைய பில்லில் இருக்கும் பெயரும் முகவரியும் விண்ணப்பத்தில் எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயத்தால்தான்.

இன்னொன்று. உங்கள் நெட்டும் அதே லேண்ட்லைன் கம்பியில் வருகிறதா? அப்படியானால் நம்பரை நகர்த்தும்போது நெட்டும் சேர்ந்து போகக்கூடும். நெட் போனால் புதிய போனும் போச்சு.

நம்பரை மாற்ற வழியே இல்லை என்றால் பழைய லைனைக் குறைந்தபட்ச பிளானில் வைத்துக்கொண்டு, அழைப்புகளைப் புதிய நம்பருக்குத் திருப்பிவிடுங்கள். அத்துடன், நாளைக்கு இந்தக் கம்பெனியை விட்டுப் போனால் நம்பரைக் கொடுப்பார்களா என்பதையும் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால்?

பதில்: போனும் போய்விடும். பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது, அதனால் அது இருட்டிலும் வேலை செய்தது. இங்கே மோடம், ரூட்டர், போன் மூன்றுக்கும் உங்கள் மின்சாரம் வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் வையுங்கள். அதோடு, ‘போன் தொடர்பில் இல்லை என்றால் இந்த மொபைலுக்கு அனுப்பு’ என்று கம்பெனியின் சர்வரிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். ரூட்டர் செத்துக் கிடந்தாலும் அழைப்பு வரும். அவசர உதவி எண்ணுக்கு மட்டும் மொபைலை நம்புங்கள், ஏனென்றால் இன்டர்நெட் போனிலிருந்து அழைத்தால் நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தவறாகத் தெரியலாம். ஃபேக்ஸ், அலாரம், பழைய மாதிரி கார்டு மெஷின் எதுவும் அந்த லைனில் மாட்டியிருந்தால் அவற்றையும் சோதனைக் காலத்திலேயே ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: சனி, ஞாயிறு அலுவலகம் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை பார்த்தால் நாங்கள் கேள்விப்பட்டே இராத நாடுகளுக்கு நூற்றுக்கணக்கான அழைப்புகள். பில்லைக் கட்டித்தான் ஆக வேண்டுமாம். எப்படி நடந்தது?

பதில்: உங்கள் எக்ஸ்டென்ஷன் (ஒவ்வொரு மேஜை போனுக்கும் உள்ள உள் நம்பர்) ஒன்றின் பாஸ்வேர்டை யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். நெட்டில் திறந்து கிடக்கும் போன் கணக்குகளைத் தேடி அலைய புரோகிராம்கள் இருக்கின்றன. 101 என்ற எக்ஸ்டென்ஷனுக்கு 101 என்றே பாஸ்வேர்டு வைத்திருந்தால் அவர்களுக்கு நொடி வேலை. கட்டணம் அதிகமுள்ள நம்பர்களுக்கு அழைப்புகளைக் குவித்து, அந்த வருமானத்தில் பங்கு வாங்குவது அவர்கள் பிழைப்பு. ஆள் இல்லாத விடுமுறை நாள் அவர்களுக்கு வசதி.

கட்டணம் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். பெரும்பாலும் வாடிக்கையாளர் தலையில்தான் கட்டியிருப்பார்கள். இருந்தாலும் உடனே எழுத்தில் புகார் கொடுத்து, தள்ளுபடி கேளுங்கள். வழக்கத்துக்கு மாறான அழைப்புகளைக் கவனித்து நிறுத்தும் ஏற்பாடு அவர்களிடம் இருந்ததா என்றும் கேளுங்கள். இனிமேலாவது வெளிநாட்டு அழைப்பை மூடிவிட்டு, தேவையான நாடுகளை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று செலவு வரம்பு வையுங்கள். வாய்ஸ்மெயில் பின் நம்பரையும் மாற்றுங்கள், அது வழியாகவும் நுழைவார்கள்.

கேள்வி: ‘அன்லிமிடெட்’ பிளான் வாங்கலாமா? போன் கருவி வாங்காமல் மொபைல் ஆப் மட்டும் போதுமா?

பதில்: அன்லிமிடெட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘நியாயமான பயன்பாடு’ என்று ஒன்று இருக்கும். அதில் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்களா, ஒரே நேரத்தில் பேசும் அழைப்புகளுக்கு இவ்வளவு என்றா என்பதும் முக்கியம். ஐந்து பேர் இருந்தாலும் ஒரே சமயத்தில் இரண்டு பேர்தான் பேசுவார்கள் என்றால் இரண்டாவது வகை லாபம்.

வெளியே சுற்றுபவர்களுக்கு ஆப் சரி. ஆனால் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று மொபைல் அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிட்டால் மணியே அடிக்காது. வாடிக்கையாளர் முதலில் கூப்பிடும் மேஜையில் ஒரு நிஜ போன் இருக்கட்டும். வாங்கும்போது மற்ற கம்பெனிகளிலும் வேலை செய்கிற, லாக் செய்யப்படாத கருவியாகப் பார்த்து வாங்குங்கள்.