டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போகிறேன் என்கிறாள் மகள், விடலாமா?

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து போய் அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டது. மகள் இந்த வருடம் மெட்ரிக், அங்கே அது பள்ளியின் கடைசி வகுப்பு. உள்ளூர் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் வராது போலிருக்கிறது, அதனால் வெளிநாட்டில் மருத்துவம் சேர்த்துவிடலாம் என்று லண்டன் பெரியப்பா பிடிவாதமாக இருக்கிறார், வீட்டின் மேல் கடன் வாங்கும் பேச்சு வரைக்கும் வந்துவிட்டது. மகளோ டிராக்கன்ஸ்பெர்க்கில் மலை வழிகாட்டியாக வேலை பார்ப்பேன் என்கிறாள். "ஊரில் என்ன சொல்வது?" என்று கேட்கிறார் அம்மா.

ஊருக்குச் சொல்வதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த வீட்டை அடமானம் வைக்காதீர்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர் தென்னாப்பிரிக்காவில் மருத்துவராக, அந்த நாட்டு சுகாதாரத் தொழில் கவுன்சிலின் தேர்வை எழுதித் தேற வேண்டும். அதன் பிறகு 2 வருடம் பயிற்சி மருத்துவர், 1 வருடம் கட்டாய சமூக சேவை. தேர்வில் ஒருமுறை தவறினால் கடன் வட்டி காத்திருக்காது. மருத்துவம்தான் வேண்டும் என்று துடிக்கிற பிள்ளையாக இருந்தால் இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்கிற பிள்ளைக்காகப் போடக்கூடாது. பெரியப்பா தவணை கட்டப் போவதில்லை, நீங்கள்தான் கட்டப் போகிறீர்கள்.

பொறியியல், கணக்கு, சட்டம் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். மகள் கேட்கிற வேலையைப் பற்றித்தான் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் ஊரிலிருந்து காரில் சில மணி நேரத்தில் எட்டிவிடலாம், 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மலை. 2013-ல் பக்கத்து நாடான லெசோத்தோவின் செஹ்லபதெபே பூங்காவையும் சேர்த்து இரண்டு நாட்டுப் பொதுச் சொத்தாக்கினார்கள். அங்கே சிங்கம், யானை கிடையாது, ஜீப்பில் உட்கார்ந்தபடி பார்த்துவிட்டுப் போகிற இடம் இல்லை. கைடு ஆக ஆசைப்படும் பிள்ளைகளில் பலர் குரூகர் வனவிலங்குப் பூங்கா பக்கம் ஓடுவதும் அதனால்தான். உங்கள் மகளுக்கு அதில்தான் வாய்ப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன். காசு வாங்கிக்கொண்டு பயணிகளை வண்டியில் ஏற்றிப் போக தொழில்முறை ஓட்டுநர் அனுமதி வேண்டும், 21 வயது ஆகாமல் அது கிடைக்காது. சஃபாரி விடுதிகள் 18 வயதுப் பிள்ளையை எடுக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மலையில் வேலை காலால் நடக்கிறது.

நடப்பது மட்டும் போதாது. காம்பெர்க் பக்கம் கேம் பாஸ் என்ற பாறைக் குகைக்கு வழிகாட்டியுடன்தான் போக முடியும். அங்கே பாறை ஓவியம் ஒன்றில் ஒரு ஈலண்டு மான் செத்துக்கொண்டிருக்கிறது, பின்னங்கால்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடக்கின்றன, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உருவத்துக்கும் கால்கள் அதே மாதிரி பின்னியிருக்கின்றன. இவற்றை வரைந்த பழங்குடிகளான சான் மக்களின் பூசாரி மயக்க நிலையில் மானோடு சேர்ந்து 'சாவதை' இது காட்டுகிறது என்று தொல்லியல் ஆய்வாளர் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் எடுத்துக் காட்டிய பிறகுதான் இந்த ஓவியங்களைப் படிக்கவே வழி பிறந்தது. மலை முழுக்க இப்படி 600-க்கும் மேற்பட்ட இடங்கள், சுமார் 35,000 உருவங்கள். தெளிவாகத் தெரியட்டும் என்று ஒரு காலத்தில் ஆட்கள் தண்ணீர் தெளித்தே பல ஓவியங்களைக் கெடுத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்த ஒரு பெண் பக்கத்தில் நின்று விளக்கினால்தான் வந்தவர் கை நீட்டாமல் நிற்பார்.

ஜயன்ட்ஸ் காசில் பக்கம் போனால் தாடிப் பாறு கழுகு. எலும்பைத் தூக்கிக்கொண்டு உயரே போய்ப் பாறையில் போட்டு உடைத்துத் தின்னும் பறவை. தென்னாப்பிரிக்கப் பகுதியில் இந்த மலைத்தொடரை விட்டால் அதற்கு வேறு வீடு இல்லை, விஷத்தாலும் மின்கம்பிகளாலும் அருகிக்கொண்டே வருகிறது. அதைப் பார்க்க மறைவிடத்தில் முன்பதிவு செய்து உலகம் முழுவதிலுமிருந்து வந்து காத்திருக்கிறார்கள். அப்புறம் வானிலை. கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், விடிவதற்குள் கிளம்பி அதற்குள் உச்சியை விட்டு இறங்கத் தெரிய வேண்டும். 948 மீட்டர் டுகேலா அருவியின் தலைமாட்டுக்குச் செல்லும் சென்டினல் பாதையில் சங்கிலி ஏணி உண்டு. அதன் பாதியில் பயந்து உறைந்து நிற்கும் ஐம்பது வயதுக்காரரை இறக்கிக் கொண்டுவருவதும் இந்த வேலைதான்.

படிப்பு என்ன? டர்பன் பக்கத்து உம்லாசியில் உள்ள மங்கோசுது பல்கலைக்கழகத்தின் இயற்கைப் பாதுகாப்பு டிப்ளமோவை முதலில் பாருங்கள். தொலைநிலையில் வேண்டுமென்றால் யூனிசா எனப்படும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம். வழிகாட்டி வேலைக்குத் தனியாகத் தகுதிச் சான்றும் முதலுதவிச் சான்றும் வேண்டும், மாகாணப் பதிவாளரிடம் பெயர் பதிய வேண்டும், பதியாமல் காசு வாங்கி வழிகாட்டுவது சட்டப்படி குற்றம். காட்டு முகாம் நடத்தும் தனியார் பயிற்சிக்கூடங்கள் பளபளப்பான படங்களோடு பெரிய தொகை கேட்கும். அரசு அங்கீகாரத்தை எழுத்தில் காட்டாத இடத்துக்கு ஒரு ராண்டும் கொடுக்காதீர்கள்.

சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். இதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். லெசோத்தோ எல்லையை ஒட்டிய உச்சிப் பாதைகளில் வழிப்பறி நடந்ததும் உண்டு, அதனால் தனியாகப் போகக்கூடாது, புறப்படும் முன் மலைப் பதிவேட்டில் பெயர் எழுதாமல் ஏறவும் கூடாது. அவள் ஜூலு நன்றாகப் பேசுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அதை லேசாக நினைக்காதீர்கள், மலையடிவார ஊர்க்காரர்களோடு வேலை செய்ய அதுதான் முதல் தகுதி.

வருகிற ஜூலை விடுமுறையில் குடும்பத்தோடு இல்லாமல் ஒரு நடைக்குழுவோடு அவளை அனுப்புங்கள். குளிரில், தன் மூட்டையைத் தானே சுமந்து, இரண்டு இரவு. திரும்பி வந்த பிறகும் இதையே சொன்னால் விவாதத்தை நிறுத்திவிடுங்கள். பல்கலைக்கழக இடங்களுக்கு விண்ணப்பிக்கும் மாகாணப் பொது விண்ணப்ப அலுவலகத்துக்கு வழக்கமாக செப்டம்பர் 30-தான் கடைசி நாள். முதல் விருப்பம் எது என்பதை அவள் கையாலேயே எழுதட்டும். பெரியப்பாவின் எண்ணை எனக்கு அனுப்புங்கள், அவரிடம் நான் பேசுகிறேன்.