கடலுக்கும் பட்டா உண்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை பதினொரு கடிதங்கள். மூன்றில் ஊர்ப் பெயரே இல்லை. கரையைப் பற்றிக் கேட்பவர் எந்தக் கரை என்று சொல்லாவிட்டால் நான் எதை வைத்துப் பதில் எழுதுவது? மற்ற எட்டுக்கும் கீழே எழுதியிருக்கிறேன்.

கடல்வெளித் திட்டம் வந்தால் எங்கள் கடலை ஏலம் விட்டுவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், புதுச்சேரி)

திட்டம் ஏலம் விடாது. கடலில் எந்த இடம் எந்தப் பயனுக்கு என்று வரைபடத்தில் பிரித்து வைப்பதுதான் கடல்வெளித் திட்டமிடல். அதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. நார்வேயுடன் 2019-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக உங்கள் புதுச்சேரியையும் லட்சத்தீவையும் முன்னோட்டக் களங்களாக எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஏலமும் குத்தகையும் வேறு கதவுகள் வழியாக வருகின்றன. கடல் காற்றாலைக்கு 2023-இன் குத்தகை விதிகள் இருக்கின்றன. கடலடிக் கனிமத்துக்கு 2002-இன் சட்டமும் அதற்கு 2023-இல் வந்த திருத்தமும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கதவுகளைத் திறப்பவர் கையில் இருக்கப்போவது இந்தத் திட்டத்தின் வரைபடம்தான். அதனால் ஏலத்துக்குக் காத்திருக்காமல் வரைபடம் தயாராகும்போதே போய் உட்காருங்கள்.

விசைப்படகுகள் 3 கிலோமீட்டருக்குள் வந்து வலையை அறுக்கின்றன. 3 கிலோமீட்டர் விதி என்ன ஆயிற்று? (வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்)

அப்படி ஒரு விதி இல்லை. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி விசைப்படகு வரக்கூடாத எல்லை 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர். கேள்வியிலேயே பாதிக் கடலை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்! இதை எத்தனை முறை எழுதுவது? புகாரில் கடல் மைல் என்று எழுதுங்கள். படகின் பதிவு எண், நேரம், ஜி.பி.எஸ். புள்ளி மூன்றும் இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகப் படி இறங்காதீர்கள்.

வீடு கடலிலிருந்து 150 மீட்டரில் இருக்கிறது. இடித்துக் கட்டலாமா? (வாசகர், கடலூர் மாவட்டம்)

எதிலிருந்து 150 மீட்டர்? அலை நுரையிலிருந்தா, கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் உயர் அலைக் கோட்டிலிருந்தா? வீட்டு வாசலில் நாடாவைப் பிடித்து நீங்களே அளந்த கணக்கு செல்லாது. கிராமப்புறக் கடற்கரை என்றால் 2011-இன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி 200 மீட்டர் வரை கட்டத் தடை. 2019 அறிவிக்கையின்படி, ஒரு சதுர கிலோமீட்டரில் 2,161 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களில் அது 50 மீட்டராகக் குறைகிறது. ஆனால் புதிய கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் அந்தச் சலுகை. அதுவரை பழைய விதியே.

மீனவக் குடும்பம் என்றால், முதல் கடலோர மண்டல அறிவிக்கை வந்த 19.2.1991-க்கு முன்பே வீடு இருந்தது என்பதற்கு வீட்டு வரி ரசீது, பழைய ரேஷன் அட்டை, மின் கட்டண அட்டை என்று கிடைப்பதையெல்லாம் தேடி எடுத்து வையுங்கள். மேஸ்திரியைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

ஒரு கொசுறு: அதே 2019 அறிவிக்கை, கடற்கரையில் சுற்றுலாக் குடில்களைத் தற்காலிகம் என்ற பெயரில் உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டரிலேயே போட அனுமதிக்கிறது. வலை பின்னுகிறவர் ஐம்பதுக்கு அப்பால், வெயில் காய வருகிறவர் பத்துக்கு அப்பால்.

கடலோர மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வரைபடத்தைப் பார்த்தோம். எங்கள் ஊர் சரியாகத்தான் இருக்கிறது. கடல் பக்கம் வெறும் நீல நிறம். அதில் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? (வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்)

ஐயா, ஆட்சேபிக்க வேண்டியதே அந்த நீலத்தைத்தான்.

வெறும் நீலம் என்றால் கோப்பு மொழியில் காலி இடம் என்று பொருள். கரையில் புறம்போக்கு என்று எழுதி எத்தனை களங்களை இழந்தோம்? அதே வேலை இப்போது கடலில் நடக்கிறது. உங்கள் அப்பாவைக் கேட்டால் அந்த நீலத்துக்குள் எங்கே பார் என்னும் கடலடிப் பாறைத் திட்டு, எங்கே சேறு, எந்த மாதம் நண்டு, எந்தக் காற்றில் கணவாய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வாடைக் காற்றில் வலை போடும் இடம் வேறு, சோழகக் காற்றில் வேறு. கரைவலைக்கு ஓர் இடம், நண்டு வலைக்கு ஓர் இடம். பழவேற்காட்டில் பாடு என்ற பெயரில் ஏரியையே முறை வைத்துப் பங்கிட்டுப் பிழைக்கிறார்கள். இவற்றில் எதுவும் செயற்கைக்கோள் படத்தில் விழாது.

கப்பல் நடமாட்ட வரைபடம் இன்னும் மோசம். தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் கருவி பெரிய கலங்களில்தான் இருக்கிறது, நம் பைபர் படகுகளில் இல்லை. ஆகவே ஆயிரம் படகு தொழில் செய்யும் கடல், கணினித் திரையில் ஆளில்லாக் கடலாகத் தெரிகிறது. காற்றாலைக்கும் மணல் அள்ளவும் இடம் தேடுகிறவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத்தில் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். வலை காயப்போடும் களத்தை மணல் திட்டு என்று குறித்திருந்தார்கள். கேட்டால், படத்தில் வலை இல்லையே என்கிறார் அதிகாரி. வலை எப்படி இருக்கும்? படம் எடுத்த நேரத்தில் அது கடலில் இருந்தது. கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள், அதிகாரியும் சிரித்தார். ஆனால் இறுதி வரைபடத்திலும் அது மணல் திட்டாகவே இருந்தது. ஏன் தெரியுமா? சிரித்தவர்களில் ஒருவர்கூட எழுத்தில் கொடுக்கவில்லை. நானும்தான்.

இத்தனைக்கும் விதி நம் பக்கம். மீனவ ஊர், அதன் பொதுச் சொத்துகள், மீன் உலர்த்தும் களம், ஐஸ் ஆலை, படகுத் துறை எல்லாவற்றையும் உள்ளூர் அளவிலான பெரிய வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொல்கிறது. நீர்ப்பரப்பில் மீன்பிடிப் பகுதிகளையும் மீன் இனப்பெருக்க இடங்களையும் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இது யாரும் போடும் பிச்சை அல்ல. உங்களுக்குக் காட்டியது எந்த அளவு வரைபடம் என்று பார்த்தீர்களா? 1:25,000 என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 250 மீட்டர். உங்கள் ஐம்பது மீட்டர்க் களம் அதில் இரண்டு மில்லிமீட்டர். 1:4,000 அளவு வரைபடத்தைக் கேளுங்கள். இல்லை என்றால், இல்லை என்று எழுதி வாங்குங்கள்.

பாரின் இடத்தைச் சொன்னால் அடுத்த ஊர்க்காரன் வந்து அள்ளிவிடுவானே என்ற பயம் நியாயமானது. கரை அடையாளங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பாரைக் கண்டுபிடிக்கும் கணியத்தைச் சொந்த மைத்துனனுக்கே சொல்லாதவர்கள் நாம். அதனால் புள்ளி கொடுக்காதீர்கள், பரப்பைக் கொடுங்கள். விவரமான வரைபடம் ஊர்ப் பஞ்சாயத்துப் பெட்டியில் இருக்கட்டும். அரசுக்குப் போகும் படியில் வெளி எல்லை, மாதம், வலை வகை, ஏறக்குறைய எத்தனை படகு, இந்த நான்கும் போதும். கிழவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து வரையுங்கள். கரையில் கருவாடு போடும் பெண்களையும் அழையுங்கள், களத்தின் எல்லை அவர்களுக்குத்தான் தெரியும். கொடுத்த படிக்கு ஒப்புகை வாங்குங்கள்.

கடலில் காற்றாலை வந்தால் அவற்றுக்கு இடையே வலை விடலாமா? (வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்)

தூண்டில் போடலாம் என்பார்கள். செவுள்வலைக்காரர் பாடு திண்டாட்டம்தான். ஒவ்வொரு கட்டமைப்பைச் சுற்றியும் 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் வைத்துக்கொள்ளச் சர்வதேசக் கடல் சட்டம் இடம் தருகிறது. காகிதத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். நீவாட்டில், அதாவது கடல் நீரோட்டத்தில், இழுபட்டுப் போகும் ஒரு கிலோமீட்டர் வலைக்கு அந்த இடைவெளி எங்கே தெரியப்போகிறது? தமிழகக் கடலில் 500, குஜராத்தில் 500 என்று 1,000 மெகாவாட்டுக்கு 2024 ஜூனில் ஏழாயிரத்து நானூறு கோடி ரூபாய்க்கு மேல் ஆதரவு நிதியை மத்திய அமைச்சரவை ஒதுக்கியது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை, ஆகவே அதன்படியான கருத்துக் கேட்பும் இல்லை. கேபிள் கரையேறும் இடத்துக்குக் கடலோர மண்டல அனுமதி வேண்டும். உங்களுக்குப் பிடி கிடைப்பது அங்கேதான். தொழில் நிற்கும் நாள்களுக்கு நிவாரணம், கேபிள் போகும் பாதை, இரண்டையும் வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள்.

எங்கள் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டப் போகிறார்களாம். கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது? (வாசகர், தூத்துக்குடி)

ஆய்வுக் கிணறு என்றால் கூட்டமே கிடையாது. 2020 ஜனவரித் திருத்தம் எண்ணெய், எரிவாயு ஆய்வைக் கூட்டம் தேவைப்படாத பி-2 வகையில் சேர்த்துவிட்டது. எடுத்து விற்கும் கட்டம் வந்தால் கூட்டம் உண்டு. அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பும் தமிழில் சுருக்க அறிக்கையும் தர வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு கிடையாது. நீங்கள் புறக்கணித்தாலும் கூட்டம் நடந்ததாகவே எழுதுவார்கள். போய்ப் பேசுங்கள், எழுதியும் கொடுங்கள்.

கேரளத்தின் கொல்லம் கடலில் மணல் எடுத்தால் குளச்சல்காரனுக்கு என்ன? (வாசகர், குளச்சல்)

இதைக் குளச்சலிலிருந்தே ஒருவர் கேட்பதுதான் வேதனை. கொல்லம் பரப்பு என்னும் மீன்பிடிக் களத்தில் உங்கள் மாவட்டத்துப் படகுகளும்தானே தொழில் செய்கின்றன? 2024 நவம்பரில் மத்திய அரசு ஏலத்துக்கு விட்ட முதல் 13 கடலடிக் கனிமத் தொகுதிகளில் மூன்று கேரளக் கடலின் கட்டுமான மணல். பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால் மாநில அரசின் கை நீளாது. மீனுக்கு மாவட்ட எல்லையும் தெரியாது.

கடற்பாசி எடுக்கப் போனால் தீவுப் பக்கம் வரக்கூடாது என்கிறார்கள். எங்கள் பாட்டி காலத்திலிருந்து செய்யும் தொழில். வழி உண்டா? (வாசகி, பாம்பன்)

உண்டு, எளிதல்ல அம்மா. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலுமாகச் சுமார் 560 சதுர கிலோமீட்டர் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவானது. வரைந்தவர்கள் உங்களைக் கேட்கவில்லை. மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று உங்கள் பெண்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு எந்தத் திட்ட அறிக்கையையும்விட மேலானது. அதைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 2006 வன உரிமைச் சட்டம் நீர்நிலைகளில் கிடைக்கும் மீனுக்கும் பிற பொருள்களுக்கும் சமூக உரிமை கோர இடம் தருகிறது. பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்ட வேண்டும். பாட்டி இருந்தால் அவரே முதல் சாட்சி. மனு கிராம சபை வழியாகப் போக வேண்டும். தீர்மானத்தின் நகலை அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வாருங்கள் என்றால் எழுந்து வராதீர்கள்.