கர்ப்பமாக இருக்கும் 17 வயதுப் பெண் எப்போதும் பயந்துபோய் இருக்கிறாள். சொந்தக்காரர்கள் நாங்கள் என்ன செய்யலாம்?

நாத்தனார் மகளுக்கு ஏழாவது மாதம், ராத்திரியெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைச்சன் பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு 18 முடிந்து சில மாதம்தான். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் ஆட்களுக்குக் குறைவே இல்லை. மாமியார், ஓரகத்தி, அம்மா, பக்கத்து வீட்டு அக்கா. எல்லோரும் புத்தி சொல்வார்கள். பயமாக இருக்கிறது என்றால் "நாங்க எல்லாம் பெக்கலையா?" என்பார்கள். அதோடு என் வாய் அடைத்துவிடும். செக்கப்புக்குப் போன இடத்தில் ஒரு நர்ஸ் என் அட்டையைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல என்ன அவசரம்?" என்று சத்தமாகக் கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த மாதம் தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லி, போகாமலே இருந்துவிட்டேன்.

என் சித்தி மட்டும் சாயங்காலம் தலை பின்னிவிட வருவார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் பேச முடிந்தது. ஒருநாள், "சித்தி, நான் செத்துருவேனா?" என்று கேட்டேன். சீப்பு அப்படியே நின்றது. அபசகுனமாகப் பேசாதே என்று அவர் அதட்டவில்லை. "எதை நெனச்சுப் பயப்படுறே, ஒண்ணொண்ணா சொல்லு" என்றார். நான் சொல்லச் சொல்ல காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார். அடுத்த செக்கப்பில் அந்தத் தாளை டாக்டரிடம் நீட்டி, ஒவ்வொன்றுக்கும் பதில் கேட்டு வாங்கினார். அன்று ராத்திரி தூங்கினேன்.

உங்கள் பெண்ணுக்கு 18 ஆகவில்லை என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 18 வயதுக்குள் இருப்பவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவமனை போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்குப் பயந்து வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள், சிலர் பரிசோதனைக்கே அழைத்துப் போவதில்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 20 வயதுக்குள் கர்ப்பமாகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பரிசோதனை இல்லாவிட்டால் அது கடைசிவரை தெரியாது. அப்புறம், அவள் தனியாக இருக்கும்போது, யாராவது அவளைக் கட்டாயப்படுத்தினார்களா, அடிக்கிறார்களா என்றும் மெதுவாகக் கேளுங்கள். அப்படி இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். சாப்பாடும் இறங்காமல், செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று சொன்னால் ஒருநாள்கூடத் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது கூட ஒரு பெண் இருக்க அனுமதி உண்டு. யார் இருக்க வேண்டும் என்று அவளிடமே இப்போதே கேட்டு வையுங்கள். அவள் அம்மாவைச் சொல்லாமல் வேறு யாரையாவது சொன்னால் உங்கள் நாத்தனார் வருத்தப்படுவார். அவரைச் சமாதானப்படுத்தும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.