பழைய ஃபோர் வீல் ஜீப்புக்கு வேறு எஞ்சின் போடலாமா?

கேள்வி: சாயல்குடி பக்கம் கடலோரத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் மிளகாய்க் காடும் உண்டு. 1994 மாடல் மஹிந்திரா எம்.எம். 540 ஃபோர் வீல் ஜீப் வைத்திருக்கிறோம். பூஜோ டீசல் எஞ்சின், 2112 சி.சி. தண்ணீர் டிரெய்லர் இழுப்பது, மச்சானின் வள்ளத்தைக் கரையேற்றுவது எல்லாம் இதில்தான். இப்போது சூடேறுகிறது, புகை தள்ளுகிறது, மணலில் திணறுகிறது. ஒரு மெக்கானிக் பொலேரோ டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன் டீசல்) எஞ்சினைச் சொல்கிறார். இன்னொருவர் டிராக்டர் எஞ்சின் என்கிறார். மச்சான் போட் எஞ்சினே போதும் என்கிறார். எதைப் போடலாம்?

பதில்: வள்ளம் இழுத்த வண்டி என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் எஞ்சினுக்கு முன்னால் சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, பாருங்கள். உப்புத் தண்ணீர் சேஸிஸின் உட்பக்கத்தில் தேங்கி, வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தின்றுவிடும். எஞ்சின் மவுன்ட், ஸ்பிரிங் ஹேங்கர், கியர்பாக்ஸ் கிராஸ்மெம்பர் பக்கமெல்லாம் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் உங்கள் பணம் முதலில் வெல்டருக்குப் போக வேண்டும். சேஸிஸ் நம்பர் படிக்கும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். துரு அரித்து எழுத்து மறைந்துபோயிருந்தால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது அதுவே பெரிய தலைவலி.

அடுத்து, பழைய எஞ்சின் உண்மையிலேயே செத்துவிட்டதா? நம் கடலோரத்தில் பூஜோ எஞ்சின்கள் கெடுவதற்குப் பெரும்பாலும் ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீர்தான் காரணம். போர்வெல் உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து, ஓட்டங்கள் அடைத்து, அலுமினிய ஹெட்டை அரித்து, கடைசியில் கேஸ்கெட்டை ஊதிவிடும். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் ஒன்று எடுங்கள். பூஜோ எஞ்சினில் பிஸ்டன் ஓடும் ஸ்லீவைக் கழற்றி மாற்ற முடியும். பிளாக் உடையாமல் இருந்தால் ஸ்லீவ், பிஸ்டன், பேரிங், நாசில், பம்ப் வேலையோடு திரும்ப எழுப்பிவிடலாம். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, இனிமேல் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும் ஊற்றுங்கள். என் முதல் வாக்கு இதற்குத்தான். காரணம் கடைசியில் வருகிறது.

மாற்றியே தீர வேண்டும் என்றால் டி.ஐ. எஞ்சின் சொன்னவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அது 2523 சி.சி., நிமிடத்துக்கு 3200 சுற்றில் 63 குதிரைசக்தி. உங்கள் பூஜோவும் 62 குதிரைசக்திதான், ஆனால் அதைத் தருவது 4500 சுற்றில். குதிரைசக்தி கிட்டத்தட்ட ஒன்றுதான்; இழுவிசையில்தான் வித்தியாசம். பூஜோ சுமார் 120 நியூட்டன் மீட்டர் தருகிறது. டி.ஐ. 180 வரை, அதுவும் 1500 சுற்றிலேயே தந்துவிடும். மணலுக்கும் வள்ளத்துக்கும் வேண்டியது இதுதான். டீசல் பம்ப் மெக்கானிக்கல்தான்; குளோ பிளக் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் காமன் ரயில் எஞ்சின் போடலாமா என்று யாராவது கேட்டால், கடற்காற்றில் பச்சை பூக்கும் வயரிங் கனெக்டர்களை நினைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் ஒன்றரை மடங்கு இழுவிசையைப் பின்னால் இருக்கும் எல்லாமும் தாங்க வேண்டும். பழைய நாலு கியர் பெட்டியை வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்றாதீர்கள். டி.ஐ. எஞ்சினோடு வந்த பெல் ஹவுசிங், கிளட்ச், ஐந்து கியர் பெட்டி எல்லாம் ஒரே செட்டாகக் கிடைத்தால் வாங்குங்கள். அடாப்டர் பிளேட் செய்து ஒட்டுவது என்றால், கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கத் தெரிந்த லேத் பட்டறை வேண்டும். கண்ணால் பார்த்துப் பொருத்தினால் பைலட் பேரிங்கும் கிளட்சும் சீக்கிரமே போய்விடும். கியர்பாக்ஸ் நீளம் மாறினால், முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நகரும், அதிலிருந்து ஆக்ஸில்களுக்குப் போகும் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டையும் வெட்டி பேலன்ஸ் செய்ய வேண்டும். முன் ஆக்ஸில் மேலே ஏறும்போது ஆயில் சம்பில் இடிக்குமா என்பதையும் வெல்டு வைக்கும் முன்பே பாருங்கள். எஞ்சின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வேலையில் இறங்கியவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

புது எஞ்சினில் வண்டி எவ்வளவு வேகம் போகும் என்பது ஆக்ஸில் ரேஷியோவைப் பொறுத்தது. அதை நீங்களே எண்ணிவிடலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், ஃபோர் வீல் லீவரை எடுத்துவிடுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள், ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. பழைய ஜீப்களில் 5.38 உண்டு. அது வந்தால், 6.00-16 டயரில், டாப் கியரில் 3000 சுற்றுக்கு வண்டி மணிக்கு 76 கிலோமீட்டர்தான் போகும். டி.ஐ. எஞ்சின் அதற்குமேல் கத்தும். தோப்புக்கு அருமை, இ.சி.ஆரில் ராமநாதபுரம் போக எரிச்சல். ஐந்தாவது கியர் இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

இதே கணக்கில் டிராக்டர் எஞ்சினைப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் 2200 சுற்றில் பிடித்தால் 56 கிலோமீட்டரோடு முடிந்தது. மஹிந்திராவே ஒரு காலத்தில் டிராக்டர் எஞ்சின் வழியில் வந்த டீசலை ஜீப்பில் போட்டது உண்மைதான். ஆனால் அது ஜீப்புக்காகத் திருத்தியது. மச்சானின் போட் எஞ்சின் படகிலேயே இருக்கட்டும். கடல் தண்ணீரால் குளிரும்படி செய்த எஞ்சினுக்கு ரேடியேட்டர், ஃபேன் எல்லாம் கட்டி ஓட்டுவதற்குள் வருடம் போய்விடும்.

இப்போது அந்தக் காரணம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த மூல விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. 2112 சி.சி. என்று எழுதியிருக்கும் வண்டியில் 2523 சி.சி. எஞ்சின் இருந்தால் அது மாறுபாடுதான். அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-இன்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இதைக் காட்டிக் கையை விரிக்கலாம். தோப்புக்குள்தானே ஓட்டுகிறோம் என்று சொல்ல முடியாது, ரோட்டைத் தாண்டாமல் வள்ளத்துக்குப் போக முடியுமா?

அதே பூஜோ எஞ்சினைச் சீர் செய்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது. அதே ரக எஞ்சின் வேறொன்று வாங்கினாலும் சி.சி. மாறாது, எஞ்சின் நம்பர்தான் மாறும். ஆனாலும் அதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். டி.ஐ.தான் என்றால் ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு கொடுத்து, எழுத்தில் பதில் வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். மறுத்துவிட்டால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். பழைய இரும்புக் கடையில் எஞ்சின் எடுத்தால், எஞ்சின் நம்பர் எழுதிய பில்லும், அது எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்கான காகிதமும் இல்லாமல் பணத்தை நீட்டாதீர்கள்.

அப்புறம், எந்த எஞ்சின் போட்டாலும் வள்ளத்தை நீளக் கயிற்றில் இழுங்கள். சக்கரத்தின் ஹப் நனையும் அளவுக்குத் தண்ணீரில் இறக்க வேண்டாம். இறங்கியே ஆக வேண்டி வந்தால், அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, தண்ணீர் புகுந்து ஆக்ஸில் ஆயில் பால் நிறமாக மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.