ஹான்சல்–கிரெட்டல் கட்டுரை: ‘பேராசை கூடாது’ ஏன் ஒட்டவில்லை

ஹான்சல்–கிரெட்டல் என்ற அண்ணன் தங்கை கதையை உங்கள் விடுதி வாழ்க்கையோடு இணைத்து எழுதும் கட்டுரையில், ‘பேராசை கூடாது’ என்ற நீதி ஒட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதை விட்டுவிட்டு, பசியைப் பற்றி எழுதுங்கள். உங்கள் விடுதி வாழ்க்கையோடு கதை தானாக ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் படித்தது குழந்தைகளுக்காகச் சுருக்கிய பதிப்பாக இருக்கும். அவற்றில் பெரும்பாலும் பஞ்சத்தை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் கதையில் ரொட்டி போதாமல்தான் பிள்ளைகளைக் காட்டில் விடுகிறார்கள். அதுவும், 1812 முதல் பதிப்பில் அது பெற்ற தாயின் யோசனை. பின்னால் வந்த பதிப்புகளில்தான் அவள் சித்தியானாள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

சரி, முழுக் கதையை எடுத்துச் சாப்பாடு வரும் இடங்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். காட்டுக்குக் கூட்டிப் போகும் முதல் தடவை, வீடு திரும்ப வழி தெரிய ஹான்சல் கூழாங்கல் போடுகிறான். அடுத்த தடவை கதவு பூட்டியிருப்பதால் கல் பொறுக்க முடியாமல், தனக்குக் கிடைத்த ஒரே துண்டு ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறான். வழி தெரிய வேண்டுமானால் பட்டினி கிடக்க வேண்டும். மாதக் கடைசியில் மெஸ் பணமா, தேர்வுக் கட்டணமா என்று நிற்கும் மாணவருக்கு இது புரியாதா? அப்புறம், காட்டில் பிள்ளைகளைப் பிடித்துத் தின்னும் சூனியக்காரக் கிழவியின் வீடே ரொட்டி. பசித்தவர்களுக்கு அதைவிடப் பெரிய பொறி வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: 1315இல் தொடங்கிய ஐரோப்பியப் பெரும் பஞ்சத்தில்தான் இந்தக் கதை பிறந்தது என்று அடித்து எழுதாதீர்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. ‘பஞ்ச கால நினைவு இருக்கலாம்’ என்றால் போதும்.